பெட்ரோல் டேங்குக்கு அரக்கு முத்திரை

முழங்காலுக்குத் தைலம் தேய்த்தபடி இதைப் படிக்கிற என் வயசுக்காரர்களே, உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது? பத்து வயதில், ஒரு மாம்பழ சீசன் முழுக்க, நான் ஒற்றர் வேலை பார்த்தேன். சம்பளம் நாளைக்கு ஒரு செந்தூரா மாம்பழம். ஆயுதம் என்று சொன்னால் நாற்பது பக்க நோட்டு ஒன்று, கடித்துக் கடித்துப் பின்பக்கம் நாராகிப் போன பென்சில் ஒன்று. மாறுவேஷம் இரட்டைப் பின்னலும் முகத்தில் நாலு வேனல் கட்டியும். கட்டி மட்டும் நிஜம்.

அறுபதுகள் முடிகிற சமயம். சேலத்தில் அம்மாவுக்குப் பிரசவம். என்னையும் வீட்டில் வைத்துக்கொண்டு இன்னொன்றையும் சமாளிக்க முடியாது என்று கிருஷ்ணகிரியில் பெரியப்பா வீட்டுக்கு அனுப்பினார்கள். பெரியப்பா தபாலாபீஸில் முப்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். அத்தனை வருஷமும் தபால் பைகளின் வாயில் இருக்கிற அரக்கு முத்திரையைப் பார்த்துப் பார்த்து, அவருக்கு உலகம் இரண்டாகப் பிரிந்துவிட்டிருந்தது. முத்திரை உடையாதது, முத்திரை உடைந்தது. நடுவில் எதுவும் கிடையாது.

ஓய்வு பெற்றதும் அவர் ஒரு லாரி வாங்கினார். யுத்த காலத்து மிலிட்டரி லாரி, பெட்ரோல் வண்டி. மூன்று கை மாறி வந்தது. மேலே சிவப்பு அடித்திருந்தார்கள். கதவைச் சாத்துகிற வேகத்தில் ஒரு சில்லு பெயர்ந்தால் உள்ளே பச்சை தெரியும். கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் மண்டிக்கு மாம்பழம் ஏற்றிப் போகும். இன்றைக்குக் கம்பெனி பஸ்கள் முட்டிக்கொண்டு நிற்கிற ஓசூரில் அன்றைக்கு மண்டியும் குளிர்காற்றும்தான் விசேஷம். ஆனால் போகிற வழி முழுக்க ஏற்றம். அந்தக் கிழட்டு என்ஜின் முப்பது மைலும் இருமிக்கொண்டே ஏறும்.

பெரியப்பா எல்லாரையும் சந்தேகப்படுவார். பால்காரர் சொம்பைச் சாய்த்துப் பிடிக்கிறார். வண்ணார் வேட்டியின் ஓரத்தைக் கத்தரிக்கிறார். சுவர்க் கடிகாரம் வேண்டுமென்றே மெதுவாக ஓடுகிறது. லாரி கிளீனரை ஒரு மாதத்துக்கு முன்பே சந்தேகப்பட்டு அனுப்பியாகிவிட்டது. மிச்சம் இருந்தது டிரைவர் மட்டும்.

டிரைவர் அண்ணனுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். சூளகிரிப் பக்கம். எங்களிடம் தமிழ் பேசுவார், குறுக்கே வருகிற மாட்டைக் கன்னடத்தில் திட்டுவார், என்ஜினோடு தெலுங்கில் பேசுவார். இந்த மூன்றாவது சங்கதி எனக்குப் பெரிய உறுத்தலாக இருந்தது. ஒருவன் என்ஜினோடு நமக்குப் புரியாத பாஷையில் பேசுகிறான் என்றால் என்ன அர்த்தம்?

"வண்டி முன்னைக்கு இப்ப அதிகமா பெட்ரோல் குடிக்குது," என்றார் பெரியப்பா ஒருநாள், மோர் சாதத்தில் கையை வைத்தபடி. "வண்டியா குடிக்குது? வழியில எவனோ குடிக்கிறான்."

"பெட்ரோலை எவனாச்சும் குடிப்பானா?" என்றாள் பெரியம்மா.

"உருவி விக்கிறான்டீ! டியூபை உட்டு உறிஞ்சினா வந்துட்டுப் போவுது."

அன்றைக்குச் சாயந்திரமே கடைவீதிக்குப் போய்ப் பித்தளையில் முத்திரை செய்யக் கொடுத்துவிட்டு வந்தார். அவர் பேரின் முதல் எழுத்தும் சுற்றி ஒரு வட்டமும். அரக்குக் கட்டியும் சணலும் அலமாரியில் ஏற்கெனவே இருந்தன. எதற்காக வைத்திருந்தார் என்று யாரும் கேட்கவில்லை. அவர் வீட்டில் அரக்கு இருப்பது மற்றவர்கள் வீட்டில் உப்பு இருக்கிற மாதிரி.

முத்திரை கைக்கு வந்த மறுநாளிலிருந்து தினமும் காலையில் ஒரு சடங்கு. டிரைவர் அண்ணன் பெட்ரோல் போட்டு வண்டியை வாசலில் நிறுத்துவார். பெரியப்பா ஒரு மூங்கில் குச்சியை டேங்குக்குள் விட்டு எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பார். மூடியைத் திருகிச் சணலைச் சுற்றிக் கட்டுவார். பெட்ரோல் டேங்குக்குப் பக்கத்தில் நெருப்பைக் கொண்டுபோகிற அளவுக்கு அவர் முட்டாள் இல்லை. ஆகவே பெரியம்மாவின் குழம்புக் கரண்டியில் அரக்கைப் போட்டு அடுப்பில் உருக்கி, "வழி, வழி" என்று கத்திக்கொண்டு சமையலறையிலிருந்து வாசலுக்கு ஓடி வருவார். வயசான மனுஷன் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, சிவப்பாய்க் கொதிக்கிற கரண்டியோடு ஓடுகிற காட்சியைத் தெருவே பார்த்தது. மூடிமேல் ஊற்றி முத்திரையை அழுத்துவார். நான் விசிறியால் வீசி ஆற வைப்பேன். அந்தக் கரண்டி பிறகு எந்தக் குழம்புக்கும் உதவவில்லை. பெரியம்மா எத்தனை தேய்த்தும் அரக்கு வாசனை போகவே இல்லை.

இந்த இடத்தில் என் குற்றத்தையும் பதிவு செய்துவிடுகிறேன். முதல் நாள் பெரியப்பா ஓரத்தில் மட்டும் கொஞ்சமாகத்தான் ஊற்றினார். "பெரியப்பா, நடுவுல சின்னதா ஒரு ஓட்டை தெரியுதே, அதுல குச்சியை விட்டு நெம்பிட்டாங்கன்னா?" என்று கேட்ட மகராசி நான்தான். மூடியின் நடுவில் கடுகளவு ஓர் ஓட்டை. பெரியப்பா என் தலையைத் தடவிக் கொடுத்தார். "மூளை! நம்ம குடும்பத்து மூளை!" மறுநாளிலிருந்து மூடி முழுக்க அரக்கு.

அந்த மறுநாள்தான் லாரி முதல்முறையாக வழியில் நின்றது.

குந்தாரப்பள்ளி வரைக்கும் ஒழுங்காகப் போனதாம். அதைத் தாண்டி ஏற்றத்தில் விக்கல் எடுத்திருக்கிறது. ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க மூச்சு குறைந்து, உலுக்கி, அடங்கிப் போய்விட்டதாம். அரை மணி நேரம் சும்மா நின்றுவிட்டுத் தானாகக் கிளம்பியதாம். அதற்கப்புறம் தினமும் இதே கதை. மண்டியில் காலை ஏலம் முடிந்த பிறகு போய்ச் சேர்ந்தால் மாம்பழத்தை யாரும் சீந்த மாட்டார்கள். வெயிலில் ஓலைக்கூடையோடு பழம் அவியும். ஏற்றி அனுப்புகிற தோட்டக்காரர்கள் வாசலில் வந்து நிற்க ஆரம்பித்தார்கள்.

அரக்கு வைத்ததற்கும் வண்டி நிற்பதற்கும் உள்ள தொடர்பைப் பெரியப்பா கவனிக்கவில்லை என்றா நினைக்கிறீர்கள்? முதல் நாளே கவனித்துவிட்டார்.

"பாத்தியா? முத்திரை வெச்சதுக்கு அப்புறம்தான் வண்டி நிக்குது. ஏன்? இனிமே திருட முடியாதில்ல, அந்த ஆத்திரம். நம்மள வழிக்குக் கொண்டு வர்றதுக்காக வண்டியை நிறுத்தறான்."

எனக்குப் புல்லரித்தது. எப்பேர்ப்பட்ட அறிவு!

"வேவு பாக்க ஆள் வேணும்," என்றார். "ஆம்பளப் பையனை அனுப்பினா சந்தேகப்படுவான். பொட்டப்புள்ளைய எவன் சந்தேகப்படுவான்?" பெரியம்மா ஒத்துக்கொள்ளவே இல்லை. கடைசியில் என் வேனல் கட்டிகள்தான் கைகொடுத்தன. "பாப்பாவுக்கு ஓசூர்க் காத்து பட்டா கட்டி ஆறும். தெனமும் இட்டுட்டுப் போயிட்டு வா," என்று டிரைவர் அண்ணனிடம் சொன்னார் பெரியப்பா. அவரும் நம்பினார். நம்பியது மட்டுமில்லை, சீட்டில் கம்பி குத்தும் என்று இரண்டு சாக்கை மடித்துப் போட்டு எனக்கு மெத்தை செய்து வைத்தார். அதையும் நோட்டில் எழுதிக்கொண்டேன்: "எனக்கு மெத்தை போட்டார். லஞ்சமாக இருக்கலாம்."

நேரம் குறிக்கப் பெரியப்பாவின் பழைய கைக்கடிகாரம் பாவாடைப் பைக்குள் இருந்தது. தினமும் குச்சியில் பெட்ரோல் எவ்வளவு, எங்கே நின்றது, எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் என்று எல்லாம் எழுத வேண்டும் என்பது உத்தரவு. நான் அதற்கு மேலும் எழுதினேன்.

"காலை ஏழு. டிரைவர் சிரித்தார். காரணம் தெரியவில்லை."

"ஏழேகால். ஒரு மைல் கல்லை உற்றுப் பார்த்தார். அங்கே ஆள் யாராவது ஒளிந்திருக்கலாம்."

"குந்தாரப்பள்ளி தாண்டி என்ஜினோடு பேசினார். 'பத தல்லி, பத' என்றார். சங்கேத வார்த்தை."

'நடம்மா தாயே, நட' என்று அவர் கெஞ்சியிருக்கிறார் என்பது பத்து வருஷம் கழித்து ஒரு தெலுங்குக்காரத் தோழி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

வண்டி நின்றதும் அவர் இறங்கி பானெட்டைத் தூக்குவார். உள்ளிருந்து அனலும், எண்ணெய் காந்துகிற வாசனையும், பின்னாலிருந்து பழுத்த மாம்பழ வாசனையும் கலந்து முகத்தில் அடிக்கும். வாட்டர் பேக்கிலிருந்து தண்ணீர் ஊற்றிச் சாக்குத் துணியை நனைத்துப் பெட்ரோல் பம்பின் மேல் சுற்றுவார். "வெயிலு பாப்பா. சூட்டுல பெட்ரோலு ஆவியாயி அடைக்குது. குளுந்தா சரியாப் போயிரும்." அரை மணி கழித்து வண்டி கிளம்பும். ஈரத்துணிதான் மருந்து என்று அவர் நம்பினார். போகிற வருகிறவர்களும் ஆளுக்கு ஒரு வைத்தியம் சொன்னார்கள். மாட்டு வண்டிக்காரர் கண்ணேறு என்றார். பஸ் டிரைவர் ஒருவர் வண்டியை நிறுத்தாமலே "பிளக்கு! பிளக்கு!" என்று கத்திவிட்டுப் போனார். புளியமரத்தடியில் டீ விற்ற அம்மா, "இத வித்துட்டு ஒரு ஜோடி எருது வாங்கச் சொல்லு உங்க பெரியப்பாவை," என்றாள்.

அந்த அரை மணியில் டிரைவர் அண்ணன் எனக்குக் கோலி சோடா வாங்கிக் கொடுப்பார். புளியங்கொட்டை வைத்துப் பல்லாங்குழி ஆடுவார். வேண்டுமென்றே தோற்பார். "வேண்டுமென்றே தோற்கிறார். ஏமாற்றுவதில் பழக்கம் உள்ளவர்," என்று எழுதினேன்.

குந்தாரப்பள்ளியில் சந்தை நாள் ஒன்று. மாட்டுக் கூட்டத்துக்குள் லாரி ஊர்ந்தபோது ஒரு காளை டேங்கில் உரசி, கொம்பு பட்டு அரக்கில் ஒரு துண்டு தெறித்துவிட்டது. டிரைவர் அண்ணனுக்கு முகம் வெளுத்துப்போயிற்று. கீழே உட்கார்ந்து மாட்டுச் சாணிக்கு நடுவே அந்தத் துண்டைத் தேடி எடுத்து என் கையில் கொடுத்தார். "பாப்பா, நீ பாத்தில்ல? மாடுதான? மொதலாளி கிட்ட நீ சொல்லணும்."

சொன்னேன். நடந்ததை நடந்தபடி சொன்னேன். அன்றைக்கு வண்டி வழியில் நிற்கவே இல்லை என்பதையும் சொன்னேன்.

பெரியப்பா தொடையில் தட்டினார். "அகப்பட்டான்! முத்திரை உடைஞ்ச அன்னைக்கு மட்டும் வண்டி ஓடுது. கைக்குப் பெட்ரோல் கெடைச்சா வண்டி ஓடும், கெடைக்கலைன்னா நிக்கும். மாடாம் மாடு! சந்தையில எந்த மாட்டை வேணும்னாலும் சொல்லிக் கொடுத்து இடிக்க வைக்கலாம்."

மாட்டுக்குச் சொல்லிக் கொடுக்க முடியுமா என்று நான் கேட்கவில்லை. நோட்டில் மாட்டின் பெயரில் ஒரு பக்கம் திறந்தேன்.

பெரியம்மாதான் மேஸ்திரி பாயை வரச் சொன்னாள். கிருஷ்ணகிரியில் பழைய வண்டிகளைப் பழுது பார்க்க அவர்தான். வெற்றிலை போட்டுச் சிவந்த வாய், எண்ணெய் ஊறிக் கறுத்த விரல். ஒரு நீள ஸ்க்ரூ டிரைவரின் முனையை ஓடுகிற என்ஜினில் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்பார், டாக்டர் மாதிரி. பெரியப்பா அவர் முன்னால் முத்திரையை உடைத்து, மூடியைத் திறந்து, "பாருங்க, பெட்ரோல் இருக்குது, நாளைக்கு இல்லைன்னு யாரும் சொல்லக் கூடாது," என்று காட்டினார். அப்புறம் பாய் வண்டியைத் தானே எடுத்துக்கொண்டு குந்தாரப்பள்ளி தாண்டி ஏறித் திரும்பி வந்தார். ஒரு விக்கல்கூட இல்லை.

"நல்லாத்தான போவுது?" என்றார் பாய், தாடியைச் சொறிந்தபடி.

தெருவில் தோட்டக்காரர்கள் நாலைந்து பேர் நின்றார்கள். பெரியப்பா அவர்கள் காதிலும் விழட்டும் என்று சொன்னார்:

"பாய் ஓட்டினா ஓடுது. நீ ஓட்டினா நிக்குது. வண்டிக்கு ஆள் தெரியுதாடா? இன்னும் ஒரு தடவை நின்னுதுன்னா நேரா ஸ்டேஷன்ல எழுதிக் கொடுப்பேன். இந்த ஊர்ல லாரி வெச்சிருக்கிற ஒருத்தன் பாக்கியில்லாம சொல்லுவேன். ஸ்டீரிங்கை நீ தொடறதுக்கு எவன் விடறான்னு பாக்கிறேன்."

 டிரைவர் அண்ணனுக்குக் காதுமடல் சிவந்தது. ஓட்டுவதைத் தவிர அவருக்கு வேறு தொழில் தெரியாது. திருட்டுப் பட்டம் வாங்கிய டிரைவரைக் கிருஷ்ணகிரி, ஓசூர் இரண்டிலும் யாரும் வாசலில் நிற்கக்கூட விட மாட்டார்கள். இதெல்லாம் எனக்கு அன்றைக்கே தெரியும். தெரிந்துதான் நோட்டில் எழுதினேன்: "பதில் சொல்லவில்லை. குற்றவாளிகள் அப்படித்தான்."

பாய் கிளம்புவதற்கு முன்னால் கொஞ்ச நேரம் யோசித்தார். "ஐயா, சும்மா ஓட்டிப் பாத்தது வைத்தியம் இல்ல. நாளைக்கு லோடோட, நீங்க எப்பவும் அனுப்பற மாதிரியே அனுப்புங்க. நானும் கூடப் போறேன். எங்க நிக்குதோ அங்க பாத்தாத்தான் தெரியும்."

மறுநாள் காலை, குச்சியில் கழுத்து வரைக்கும் பெட்ரோல், மூடி முழுக்க அரக்கு. சீட்டில் மூன்று பேர். குந்தாரப்பள்ளியைத் தாண்டிச் சரியாக இரண்டாவது மைல் கல்லில் விக்கல். டிரைவர் அண்ணன் "பத தல்லி" என்றது எனக்கு அன்றைக்கு அழுகிற மாதிரி கேட்டது. வண்டி உலுக்கிக்கொண்டு நின்றது.

அவர் சாக்குத் துணியை எடுக்கப் போனார். "துணியை வை," என்றார் பாய். "எதையும் தொடாத."

பிளக் ஒன்றைக் கழற்றிப் பார்த்தார். நெருப்புப்பொறி நன்றாக வந்தது. கார்புரேட்டரைத் திறந்தார். உள்ளே காய்ந்து கிடந்தது. ஒரு சொட்டு இல்லை. பம்பிலிருந்து கார்புரேட்டருக்குப் போகிற குழாயைக் கழற்றி வாயை வைத்து ஊதினார். காற்று தடையில்லாமல் போயிற்று, பம்பின் நெம்புகோலைக் கையால் அழுத்தினால் வெறுமனே உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. "குழாய் அடைக்கல. பம்பு நல்லாருக்கு. டேங்குல பெட்ரோல் கழுத்து வரைக்கும் இருக்கு. ஆனா வர மாட்டேங்குது." குத்துக்காலிட்டு உட்கார்ந்து வெற்றிலையைத் துப்பினார். அப்போதுதான் அவர் கண் என் மேல் விழுந்தது. நான் மும்முரமாக எழுதிக்கொண்டிருந்தேன்.

"ஏம் பாப்பா, அதுல என்னா எழுதற?"

"ஒண்ணுமில்ல. வீட்டுப்பாடம்."

"லீவுல வீட்டுப்பாடமா? குடு பாப்பம்." வாங்கிப் புரட்டினார். பாய்க்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. படிப்பெல்லாம் உருதுதான். ஆனால் எண்கள் தெரிந்தன. எண்களைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. "எந்த எடத்துல நின்னுது, எத்தனை மணின்னு இருக்கே? இதப் படி. மொதல்லேர்ந்து படி. ஒண்ணு விடாத."

என் வயசுக்காரர்களே, அதற்கப்புறம் எத்தனையோ மேடையில் பேசியிருக்கிறேன். மருமகள் வீட்டார் முன்னால் பாடியிருக்கிறேன், அது இன்னும் கேவலம். ஆனால் அந்தப் புளியமரத்தடியில் என் நோட்டை நானே படித்த மாதிரி என் நாக்கு எங்கேயும் ஒட்டிக்கொண்டதில்லை. டிரைவர் அண்ணன் இரண்டடி தள்ளி நின்றிருந்தார். எண்களை மட்டும் படிக்கப் பார்த்தேன்.

"நடுவுல என்னமோ முழுங்கற," என்றார் பாய். "எல்லாத்தையும் படி. எதுல விஷயம் இருக்கும்னு உனக்குத் தெரியாது."

படித்தேன். சிரித்தார், காரணம் தெரியவில்லை. மெத்தை, லஞ்சமாக இருக்கலாம். சோடா வாங்கிக் கொடுத்தார், வாயை அடைக்க. வேண்டுமென்றே தோற்கிறார். குற்றவாளிகள் அப்படித்தான். டிரைவர் அண்ணன் சக்கரத்தில் ஒட்டியிருந்த மண்ணைக் குச்சியால் சுரண்டிக்கொண்டே இருந்தார்.

பாய் அதையெல்லாம் காதில் வாங்கவே இல்லை. விரலை மடக்கிக்கொண்டிருந்தார். "குச்சியில கழுத்து வரைக்கும் இருந்த அன்னைக்கெல்லாம் குந்தாரப்பள்ளி தாண்டின உடனே நின்னுருக்கு. பாதி இருந்த அன்னைக்கு சூளகிரி வரைக்கும் போயிருக்கு. நெறைய ஊத்தினா சீக்கிரம் நிக்குது, கொறைச்சு ஊத்தினா லேட்டா நிக்குது. இன்னாடா இது? ஒருநாள் நிக்கவே இல்லைன்னு படிச்சியே, அது எப்போ?"

"சந்தை அன்னைக்கு. மாடு இடிச்சு அரக்கு உடைஞ்ச அன்னைக்கு."

"நேத்து நான் ஓட்டினப்போ?"

"பெரியப்பா அரக்கை உடைச்சுட்டாரு. திரும்ப வைக்கல."

பாய் எழுந்து போய் மூடியைப் பார்த்தார். வெயிலில் இளகி, மூடியின் விளிம்பிலெல்லாம் வழிந்து, அரக்கு அழகாகப் பளபளத்தது. பெரியப்பாவின் எழுத்து நடுவில் கம்பீரமாக இருந்தது.

"பாப்பா, உங்க ஊட்டுல எண்ணெய் டின்னுக்கு எத்தனை ஓட்டை போடுவாங்க?"

"ரெண்டு."

"ஒண்ணு போட்டா?"

"எண்ணெய் வராது. கொஞ்சம் வந்துட்டு நின்னுரும். பெரியம்மா இன்னொண்ணு குத்துவாங்க, காத்து போறதுக்கு..."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே என் வாய் திறந்தபடி நின்றுவிட்டது. மூடியின் நடுவில் இருந்த கடுகளவு ஓட்டை. வண்டி செய்தவன் காற்று போவதற்காக விட்டு வைத்தது. குடும்பத்து மூளை கண்டுபிடித்து அடைக்கச் சொன்னது. பெட்ரோல் போகப் போக அந்த இடத்துக்கு உள்ளே வரக் காற்று இல்லை. பம்பு எவ்வளவு இழுத்தாலும் டேங்க் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. பாதி டேங்க் என்றால் மேலே இருக்கிற காற்று கொஞ்ச தூரம் கைகொடுக்கும், கழுத்து வரைக்கும் என்றால் அதுவும் இல்லை. அரை மணி நேரம் நின்றால் எங்கேயோ இடுக்கு வழியாகக் கொஞ்சம் காற்று கசிந்து வரும். ஈரத்துணி பாவம், பக்கத்தில் உட்கார்ந்து பெயர் வாங்கிக்கொண்டிருந்தது.

"உடை அத," என்றார் பாய்.

டிரைவர் அண்ணன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். "நான் தொட மாட்டேன் பாய். செத்தாலும் தொட மாட்டேன்."

பாய் ஸ்பேனரை எடுத்தார். பிறகு அவருக்கும் தயக்கம் வந்தது. உடைந்த முத்திரையோடு யார் வீடு திரும்பினாலும் அவர் திருடர். பாய் ஸ்பேனரை என் பக்கம் நீட்டினார். "நீ அவரு ரத்தம். நீ உடை."

ஓங்கி அடித்தேன். பெரியப்பாவின் எழுத்து நாலாகச் சிதறியது. மூடியைத் திருகும்போது உள்ளேயிருந்து ஒரு சத்தம் கேட்டது. 'ஸ்ஸ்ஸ்ஸ்' என்று நீளமாக, முங்கிக் கிடந்தவன் தண்ணீருக்கு மேலே வந்து இழுக்கிற மாதிரி. டேங்க் மூச்சு வாங்கியது. பாய் குழாயை மாட்டினார். ஹேண்டிலை நாலு தடவை சுற்றியதும் என்ஜின் பிடித்துக்கொண்டது. ஈரத்துணி இல்லை, அரை மணி இல்லை.

பாய் சிரித்த சிரிப்பில் புளியமரத்துக் காகம் பறந்தது. நானும் சிரித்தேன். டிரைவர் அண்ணன் ஏறி உட்கார்ந்து கியர் போட்டார். சூளகிரி மலை தெரிகிற இடம் வரைக்கும் ஓட்டினார். அப்புறம் ரோட்டைப் பார்த்தபடியே கேட்டார்.

"ஏம் பாப்பா... நான் சிரிச்சதுக்குக் கூடவா?"

நான் என் பின்னலை அவிழ்த்துத் திரும்பப் பின்னினேன். அதற்கப்புறம் எங்கேயும் நிற்காமல், அன்றைக்கு ஏலம் முடிவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டோம்.

வீட்டில் பாய் எல்லாவற்றையும் விளக்கினார். பெரியப்பா முழுதாகக் கேட்டார். "அப்ப இதுக்கு முன்னாடி பெட்ரோல் எங்க போச்சு?" என்றார். "எங்கயும் போகல ஐயா. என்ஜினுக்கு வயசாயிருச்சு. பிஸ்டன் ரிங்கு தேஞ்சிருக்கு. அதுதான் குடிக்குது. மாத்திட்டா சரியாப் போயிரும்," என்றார் பாய். அவர் தெருமுனை திரும்புகிற வரைக்கும் பொறுத்துவிட்டுப் பெரியப்பா என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "ரிங்கு மாத்தச் சொல்றான் பாரு. இவனும் அவனும் கூட்டு."

ஆனால் டிரைவரிடம் அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தப்பு என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் டிரைவர் அண்ணன் சாவியைக் கொண்டுவந்து பெரியம்மா கையில் கொடுத்துவிட்டு, "வர்றேங்கம்மா," என்று போய்விட்டார்.

இந்தக் கதையைக் கல்யாண வீடுகளில் நான் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். உங்களில் சிலர் கேட்டும் இருப்பீர்கள். கரண்டியோடு ஓடுகிற பெரியப்பா, மாட்டின் பெயரில் திறந்த பக்கம், 'ஸ்ஸ்ஸ்ஸ்' என்று மூச்சு விடுகிற டேங்க். அந்த இடத்தில் எல்லாரும் சிரிப்பார்கள், பந்திக்குக் கூப்பிடுவார்கள், நானும் நிறுத்திவிடுவேன். அதற்கு மேலும் ஒரு பத்து நிமிஷம் இருக்கிறது.

அந்த வாரக் கடைசியில் போச்சம்பள்ளியிலிருந்து ஒருவர் வந்தார். சொந்தமாக இரண்டு லாரி வைத்திருப்பவர். வெள்ளைத் துண்டு, மரியாதையான பேச்சு. வாசலில் நாற்காலி போட்டார்கள். பெரியம்மா காபி கலக்க உள்ளே போனாள்.

"உங்ககிட்ட ஓட்டின பையன் என்கிட்ட வேலை கேட்டு வந்திருக்கிறான். உங்களை ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சேத்துக்கலாம்னு வந்தேன்."

"வண்டி நல்லா ஓட்டுவான்," என்றார் பெரியப்பா.

 பெரியப்பா கையிலிருந்த பேப்பரை மடித்தார், விரித்தார்.

"கை எப்பிடி? சுத்தந்தானே?" என்றார் வந்தவர்.

"வண்டி நல்லா ஓட்டுவான்," என்றார் பெரியப்பா மறுபடியும்.

வந்தவர் ஊர் உலகம் தெரிந்தவர். சிரித்தபடி என் பக்கம் திரும்பினார். "நீதான் தெனமும் அவன்கூடப் போய் வந்த புள்ளையா? நீ சொல்லு தாயி. அந்த டிரைவரு எப்பிடி?"

நாற்பது பக்கம் எழுதியவள் நான். எந்த மைல் கல்லில் எத்தனை நிமிஷம் என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். சாணிக்கு நடுவே அரக்குத் துண்டைத் தேடியதைச் சொல்லியிருக்கலாம். பெரியப்பா என்னை முறைக்கக்கூட இல்லை. பேப்பரில்தான் இருந்தார். ஆனால் அவர் பேப்பர் படிக்கவில்லை என்பது எனக்குத் தெரிந்தது. நான் உண்மையைச் சொன்னால், ஓட்டையை அடைக்கச் சொன்னது யார் என்றும் சொல்ல வேண்டியிருக்கும்.

"எனக்குத் தெரியாதுங்க," என்றேன்.

 அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். "சரிங்க. வேற ஆளு பாத்துக்கறேன்."

பெரியம்மா டம்ளரோடு வெளியே வந்தபோது நாற்காலி காலியாக இருந்தது. "ஆறிப்போவுது, நீயாச்சும் குடி," என்று என்னிடம் நீட்டினாள். அந்த வீட்டில் பிள்ளைகளுக்குக் காபி கிடையாது. வாங்கிக் குடித்தேன். முழுசும் குடித்தேன். நல்லாத்தான் இருந்தது.